மீகாங் ஆற்றில் யாருக்கு எத்தனை பங்கு? கணக்கு எங்கேயும் கிடைக்கவில்லையே

கரிசல்மண் கேட்டது:

குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கிறேன். பல நாடுகள் பகிரும் ஆறுகள் பற்றிக் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். சிந்து சுலபமாக முடிந்தது. 1960 ஒப்பந்தம், கிழக்கே மூன்று ஆறு இந்தியாவுக்கு, மேற்கே மூன்று பாகிஸ்தானுக்கு (2025 ஏப்ரலில் இந்தியா அதை நிறுத்தி வைத்தது தனிக்கதை). நைலிலும் 1959 ஒப்பந்தப்படி எகிப்துக்கு 55.5, சூடானுக்கு 18.5 பில்லியன் கன மீட்டர் என்று எண் இருக்கிறது, எத்தியோப்பியாவை யாரும் கேட்கவே இல்லை என்றாலும்.

மீகாங்குக்கு வந்தால் மாட்டிக்கொண்டேன். 1995ல் ஒப்பந்தம், மீகாங் ஆற்று ஆணையம், லாவோஸ் தலைநகர் வியன்டியானில் அதற்குத் தலைமைச் செயலகம் எல்லாம் இருக்கிறது, ஆனால் எந்த நாட்டுக்கு எவ்வளவு தண்ணீர் என்று ஒரு வரிகூட இல்லை. பங்கே பிரிக்கவில்லை என்றால் ஆணையம் எதற்கு? இன்னொன்று: சீனா மேலே அணை கட்டி ஆற்றையே அடைத்துவிட்டது என்கிறார்கள் பாதிப் பேர், சீனாவிலிருந்து வருவதே மொத்தத்தில் 16 சதவீதம்தான், அதை வைத்து என்ன அடைப்பது என்கிறார்கள் மீதிப் பேர். எது சரி? விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள், அவசரமில்லை.

மதகடி எழுதியது:

நீங்கள் தேடும் அட்டவணை கிடையாது. யாரும் ஒளித்து வைக்கவில்லை, போடவே இல்லை. 1995 ஏப்ரல் 5 அன்று சியாங் ராயில் தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் நான்கும் கையெழுத்துப் போட்டன. சீனாவும் மியான்மரும் உள்ளே வரவில்லை, மறு ஆண்டிலிருந்து பேச்சுக்கு மட்டும் வந்து உட்காரும் பங்காளிகள். ஆற்றில் ஆண்டுக்குச் சராசரியாக 475 கன கிலோமீட்டர் ஓடுகிறது, நம் கணக்கில் 16,000 டிஎம்சிக்கு மேல். இவ்வளவு ஓடும் இடத்தில் மொத்த அளவுக்காகச் சண்டை வராது, வருவது எப்போது வருகிறது என்பதற்காக. அதனால்தான் ஒப்பந்தத்தின் 6ஆவது பிரிவு பங்கு பேசாமல் மூன்று விஷயத்தைக் காப்பாற்றச் சொல்கிறது. கோடையில் மாதாமாதம் ஒரு குறைந்தபட்ச ஓட்டம், வெள்ளக் காலத்தில் இயற்கையாக வரும் உச்சத்தை மீறாத ஓட்டம், அப்புறம் மழைக்காலத்தில் தொன்லே சாப் பின்னோக்கி ஓடுவது.

இந்த மூன்றாவதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், மீகாங்கின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. தொன்லே சாப் என்பது கம்போடியாவில் ஒரு பெரிய ஏரி, அதிலிருந்து வரும் ஆற்றுக்கும் அதே பெயர். தலைநகர் புனோம் பென்னில் அந்த ஆறு மீகாங்கில் வந்து சேர்கிறது. கோடையில் ஏரியிலிருந்து மீகாங்குக்குத் தண்ணீர் வரும். மழைக்காலத்தில் மீகாங் உயர்ந்து, சின்ன ஆற்றைப் பிடித்துத் தள்ளி, அதே தண்ணீரை ஏரிக்குத் திருப்பி அனுப்பும். சுமார் 2,500 சதுர கிலோமீட்டராகக் கிடந்த ஏரி 15,000 வரை விரிந்து சுற்றியிருக்கும் காட்டையும் வயலையும் மூழ்கடிக்கும். மீன் குஞ்சுகள் அந்த மூழ்கிய காட்டுக்குள் போய்த் தின்று வளரும். அக்டோபர், நவம்பரில் ஓட்டம் மறுபடி திரும்பும்போது மீன்கள் அதோடு வெளியே வரும். ஆற்றின் குறுக்கே வரிசையாகக் கட்டியிருக்கும் பெரிய பை வலைகளில் டிசம்பர், ஜனவரியில், அதிலும் பௌர்ணமிக்கு முந்தைய சில நாட்களில், அள்ளமுடியாமல் விழும். விரல் நீளத்துப் பொடி மீன்தான் அதிகம். அதை உப்பிட்டுப் புளிக்கவைத்து ஆண்டு முழுக்கச் சாப்பிடுகிறார்கள், பிரஹோக் என்று பெயர். கம்போடியாவில் ஏழை வீட்டுப் புரதமே அதுதான்.

இப்போது உங்கள் 16 சதவீதத்துக்கு வாருங்கள். அது ஆண்டுக் கணக்கு. மழைக்காலத்தில் லாவோஸ் மலைகளிலிருந்து துணை ஆறுகள் கொட்டும்போது சீனத் தண்ணீர் அதில் கரைந்துபோகும். கோடையில் துணை ஆறுகள் இளைத்துவிடும், வடக்குத் தாய்லாந்து, லாவோஸ் எல்லையில் ஓடுவதில் பெரும்பகுதி சீனாவின் யுன்னான் மாகாணத்திலிருந்து வருவதாக இருக்கும். ஆக இரண்டு தரப்பும் சரியான எண்ணைத்தான் சொல்கிறார்கள், வேறு வேறு மாதத்தை மனதில் வைத்துக்கொண்டு. அங்கே சியாவான், நுவோசாது என்ற இரண்டு பெரிய அணைகள் மழைக்கால நீரைப் பிடித்துக் கோடையில் மின்சாரத்துக்காக விடுகின்றன. கோடை ஓட்டம் கூடுகிறது, வெள்ள உச்சம் குறைகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் உச்சம் கொஞ்சம் தாழ்ந்தாலே ஏரியின் விளிம்பில் மூழ்கும் காடு சுருங்கிவிடும். 2019ல் மழை தாமதம், மேலே தேக்கம் இரண்டும் சேர்ந்துகொண்டதில் பின்னோட்டம் தாமதமாகத் தொடங்கிச் சீக்கிரமே முடிந்துவிட்டது.

ஆணையம் எதற்கு என்றால்: முக்கிய ஆற்றில் அணை கட்டுகிறவர் மற்ற மூவரிடம் முன்கூட்டியே கலந்து பேச வேண்டும், அதற்கு ஆறு மாதம். துணை ஆறு என்றால் தகவல் சொன்னாலே போதும். கல்யாணப் பத்திரிகை மாதிரி, வீட்டுக்கு வந்து வைத்தாக வேண்டும், ஆனால் கல்யாணத்தை நிறுத்தும் உரிமை சொந்தக்காரர் யாருக்கும் கிடையாது. சயபுரி அணைக்கு லாவோஸ் 2010ல் பத்திரிகை வைத்தது, கீழே இருப்பவர்கள் வேண்டாம் என்றார்கள், 2012ல் கட்டத் தொடங்கிவிட்டார்கள், 2019 அக்டோபரில் 1,285 மெகாவாட் ஓட ஆரம்பித்தது. பேசியதில் பலனே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது, மீன் ஏறும் வழி, வண்டல் தள்ளும் மதகு எல்லாம் அதன் பிறகுதான் வடிவமைப்பில் பெரிதாக்கப்பட்டன. அவை எவ்வளவு வேலை செய்கின்றன என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

கரிசல்மண்:

ரொம்ப நன்றி சார், மாதத்தைப் பொறுத்தது என்று எந்தக் கையேட்டிலும் போடவில்லை. சரி, ஒரு சந்தேகம். கோடையில் கூடுதல் தண்ணீர் வருகிறது என்றால் வியட்நாம் டெல்டாவில் உப்பு ஏறுவது குறையத்தானே வேண்டும்? செய்தியில் தலைகீழாக இருக்கிறதே.

கழிமுகத்தான் எழுதியது:

வியட்நாம் டெல்டாவில் கான் தோ பக்கம் இறால் தீவன வியாபாரத்தில் இருக்கிறேன், அதனால் கண்ணில் படுவதைச் சொல்கிறேன். இங்கே கோடை வந்தால் எல்லாரும் பார்ப்பது ஆற்றுத் தண்ணீரின் உப்பளவைத்தான். லிட்டருக்கு 4 கிராம் தாண்டினால் நெல்லுக்குப் பாய்ச்ச முடியாது, பழத்தோட்டம் அதற்கு முன்பே வாடும், துரியான் வைத்திருப்பவர்கள் 1 கிராமுக்கே பதறுவார்கள். கால்வாய் முகப்பில் மதகை எப்போது இறக்குவது என்பதுதான் பிப்ரவரி, மார்ச்சில் ஊர்ப் பேச்சு. இறக்கினால் உள்ளே இருக்கும் நல்ல தண்ணீர் மிஞ்சும், ஆனால் தேங்கி நாறும். திறந்தால் கடல் வரும். அதிலும் மதகுக்கு இந்தப் பக்கம் நெல்லுக்காரர், அந்தப் பக்கம் இறால்காரர் என்றால் கேட்கவே வேண்டாம், இவருக்கு விஷமாக இருப்பது அவருக்கு வேண்டும். வீட்டுப் பின்புறம் வரிசையாகப் பெரிய ஜாடிகளில் மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருப்பார்கள், நீண்ட கோடையில் அது தீர்ந்தால் படகில் வரும் தண்ணீரை விலைக்கு வாங்க வேண்டியதுதான். 2020 மார்ச்சில் பென் ட்ரே, தியென் சாங், லாங் ஆன், கியென் சாங், கா மாவ் என ஐந்து மாகாணங்களில் அவசரநிலை அறிவித்தார்கள்.

உங்கள் சந்தேகம் நியாயமானது. மேலே இருந்து கோடையில் கூடுதலாக விட்டால் உப்பு பின்வாங்கும், உண்மை. 2016ல் வியட்நாம் கேட்டுக்கொண்டதும் மார்ச் நடுவில் யுன்னானில் இருக்கும் ஜிங்ஹோங் அணையிலிருந்து சீனா திறந்தும் விட்டது. ஆனால் தரை இறங்கிக்கொண்டே இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது? டெல்டாவின் பெரும்பகுதி கடல்மட்டத்துக்கு ஒரு மீட்டர்கூட மேலே இல்லை. இந்த மண்ணே ஆறு கொண்டுவந்து போட்டது. முன்பு ஆண்டுக்கு ஏறக்குறைய 16 கோடி டன் வண்டல் வந்துகொண்டிருந்ததாகக் கணக்கு, அதில் பெரும்பகுதி இப்போது மேலே அணைகளுக்குப் பின்னால் படிந்து கிடக்கிறது. 2019 கடைசியில் தாய்லாந்தின் நகோன் பனோம் பக்கம் எப்போதும் செம்பழுப்பாக ஓடும் மீகாங் நீலமாகத் தெளிந்து ஓடியதைப் படமெடுத்துப் போட்டார்கள். அழகுதான், ஆனால் வண்டல் இல்லாத தண்ணீர் போகும் வழியெல்லாம் கரையையும் படுகையையும் அரித்து அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளும்.

எல்லாவற்றையும் மேலே இருப்பவன் தலையில் கட்டவும் மாட்டேன். மணல் அள்ளுவது இங்கேயும் கம்போடியாவிலும்தான் நடக்கிறது. ஆற்றுப் படுகை பள்ளமானால் கடல் தண்ணீர் இன்னும் உள்ளே ஏறிவர வழி கிடைக்கிறது, கரை சரிகிறது. 2017 ஏப்ரலில் ஆன் சாங் மாகாணத்தில் வாம் நாவ் கரையில் வீடுகள் அப்படியே ஆற்றுக்குள் போயின. நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சித் தரையை இறக்குவதும் நாங்கள்தான், இறால் பண்ணைகளுக்கும் அதில் பங்கு உண்டு. முப்போகம் நெல் எடுப்பதற்காக உயரமான கரை கட்டி வெள்ளத்தை வயலுக்குள் வராமல் தடுத்ததும் இங்கேதான், வருகிற கொஞ்ச வண்டலும் வயலில் ஏறாமல் கடலுக்குப் போய்விடுகிறது. 2017 நவம்பரில் அரசு 120ஆம் எண் தீர்மானம் போட்ட பிறகு நெல்தான் முதல் என்ற பிடிவாதம் தளர்ந்தது. மழைக்கு நெல், கோடைக்கு உப்புநீர் இறால் என்று ஒரே வயலில் மாற்றி மாற்றிச் செய்பவர்கள் கா மாவ், பாக் லியூ பக்கம் நன்றாகவே இருக்கிறார்கள். அவர்கள் மதகடியில் நின்று சண்டை போடுவதில்லை.

எதிர்நீச்சல் எழுதியது:

கழிமுகத்தான் சொன்னதன் வாலைப் பிடித்துக்கொள்கிறேன். மீகாங் பற்றிப் பேசினாலே தலைமடைச் சீனா வில்லன், கடைமடை வியட்நாம் பாவம் என்று ஒரு கதை ஓடும். சேசான் ஆற்றைப் பாருங்கள். வியட்நாம் மலைப்பகுதியில் பிறந்து கம்போடியாவின் ரத்தனகிரி வழியாக வந்து மீகாங்கில் சேரும் துணை ஆறு. அதில் யாலி அருவியில் வியட்நாம் 720 மெகாவாட் அணை கட்டியது. கட்டும்போதும் முதல் ஆண்டுகளிலும் சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீர் திறந்துவிட்டதில் கம்போடியக் கரையோரக் கிராமங்களில் உயிரிழப்பே ஏற்பட்டது. அந்த ஆற்றில் வியட்நாம்தான் தலைமடை, அங்கே அது நடந்துகொண்ட விதத்தில் பெரிதாகப் பெருமைப்பட ஒன்றுமில்லை. பிற்பாடு கம்போடியாவும் தன் பங்குக்கு அதே ஆற்றின் கீழே கீழ் சேசான் 2 அணையைக் கட்டி சேசான், ஸ்ரேபோக் இரண்டுக்கும் போகும் மீன் பாதையை மறித்தது.

சயபுரியையும் லாவோஸ் கட்டியது என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அதன் மின்சாரத்தில் 95 சதவீதத்தை வாங்குவது தாய்லாந்து, கட்டியது தாய்லாந்து நிறுவனம், கடன் கொடுத்தது தாய்லாந்து வங்கிகள். கரையோரத் தாய்லாந்து கிராமத்துக்காரர்கள் அந்த மின்சாரம் வாங்கும் ஒப்பந்தத்தை எதிர்த்துத் தங்கள் நாட்டு நிர்வாக நீதிமன்றத்துக்குத்தான் போனார்கள், லாவோஸ் மேல் வழக்குப் போடவில்லை. எங்கே பிடித்தால் வலிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வரவில்லை என்பது வேறு.

மதகடி சார் சொன்ன துணை ஆறு, முக்கிய ஆறு பாகுபாடுதான் ஒப்பந்தத்தின் பெரிய ஓட்டை என்று நினைக்கிறேன். 2018 ஜூலை 23 அன்று லாவோஸின் அட்டப்பூவில் சே பியன் சே நம்னோய் திட்டத்தின் துணைக்கரை உடைந்து ஊர்களே அடித்துக்கொண்டு போயின, தண்ணீர் எல்லை தாண்டிக் கம்போடியாவுக்குள்ளும் வந்தது. ஆனால் அது துணை ஆற்றுத் திட்டம், விதிப்படி தகவல் சொன்னால் முடிந்தது. 2024 ஆகஸ்டில் கம்போடியா தொடங்கிய ஃபூனான் தேசோ கால்வாயிலும் இதே இழுபறி. புனோம் பென்னிலிருந்து கடல் வரை 180 கிலோமீட்டர், அதைத் துணை ஆற்றுத் திட்டம் என்று சொல்லித் தகவல் மட்டும் கொடுத்தது, டெல்டாவுக்கு வரும் வெள்ளநீர் திரும்பிவிடுமோ என்ற கவலையில் வியட்நாம் கூடுதல் விவரம் கேட்டது.

கரிசல்மண்:

அப்படியானால் எல்லாரும் யாருக்கோ தலைமடை. பல் உள்ள ஒப்பந்தம் உலகத்தில் எங்கேயும் இல்லையா? நாடுகள் பகிரும் ஆறுகள் பற்றி ஐநா மாநாட்டு ஒப்பந்தம் ஒன்று இருக்கிறதே, 1997?

ஆற்றங்கரைப்பிள்ளை எழுதியது:

1997 ஒப்பந்தத்தை எதிர்த்து வாக்களித்தவை மூன்றே நாடுகள்: சீனா, துருக்கி, புருண்டி. அமலுக்கு வர 35 நாடுகள் வேண்டும், 2014ல் 35ஆவதாகச் சேர்ந்தது வியட்நாம். கடைமடைக்காரருக்கு அதில் அக்கறை இருப்பது இயல்பு, மேலே இருப்பவர் சேராதவரை மீகாங்கில் அது காகிதம்தான்.

பல் என்று தேடுவதைவிடக் கூட்டுச் சொத்து என்று தேடினால் செனகல் ஆறு வரும். மேற்கு ஆப்பிரிக்காவில் 1972ல் மாலி, மொரிட்டேனியா, செனகல் மூன்றும் சேர்ந்து ஓர் அமைப்பு தொடங்கின, ஆறு பிறக்கும் கினி 2006ல் வந்து சேர்ந்தது. கொடும் வறட்சிக் காலம் அது. 1978ல் அவர்கள் செய்த காரியம் எனக்கு இன்றும் ஆச்சரியம்: ஆற்றில் கட்டும் பெரிய கட்டுமானங்கள் எந்த நாட்டு மண்ணில் இருந்தாலும் எல்லாருக்கும் கூட்டுச் சொத்து என்று சட்டம் போட்டார்கள். மனந்தாலி அணை முழுக்க மாலிக்குள் இருக்கிறது, ஆனால் மாலியின் அணை இல்லை. கடனும் கூட்டுக் கடன். மின்சாரத்தில் மாலிக்கு 52, செனகலுக்கு 33, மொரிட்டேனியாவுக்கு 15 சதவீதம். இங்கேயும் தண்ணீரைக் கன மீட்டரில் வெட்டிக் கொடுக்கவில்லை, கவனியுங்கள். கிடைக்கும் பலனைப் பங்கு போட்டார்கள், 2002ல் வந்த நீர்ச் சாசனமும் அதே வழியில்தான் போகிறது. 1989ல் செனகலும் மொரிட்டேனியாவும் அடித்துக்கொண்டு தூதரக உறவையே முறித்தபோதும் அந்த அமைப்பு கலையவில்லை.

ரொம்பப் புகழவும் வேண்டாம். 1986ல் கழிமுகத்துக்கு அருகே தியாமா தடுப்பணை வந்து கடல்நீர் உள்ளே வருவது நின்றது, நல்ல தண்ணீர் தேங்கியது, அதோடு நத்தைகளும் பெருகின. ரிஷார் தோல் ஊரில் நத்தை வழியாகப் பரவும் குடல் நத்தைக்காய்ச்சல் ஊரையே பிடித்துக்கொண்டது. அந்த நத்தையைத் தின்னும் ஆற்று இறால் கடலுக்கும் ஆற்றுக்கும் போய்வந்து இனம் பெருக்குவது, அதன் வழியை அணை அடைத்துவிட்டது. வெள்ளம் வடிந்த ஈரத்தில் சோளம் விதைத்தவர்கள், படுகையில் மேய்த்தவர்கள் பாடும் திண்டாட்டம், மனந்தாலியிலிருந்து செயற்கையாக வெள்ளம் விட்டுப் பார்த்தார்கள். மூன்று அரசும் ஒற்றுமையாக இருந்தால் ஆறு நன்றாக இருக்கும் என்று அர்த்தமில்லை, கரையில் இருப்பவர் அந்த மூன்றிலும் சேர்த்தி இல்லை.

மீகாங்கில் இது நடக்குமா? எனக்குத் தோன்றவில்லை. செனகலில் கூட்டுச் சொத்தாக இருந்ததால்தான் கடன் கொடுத்தவர்களுக்கும் தைரியம் வந்தது. மீகாங்கில் ஒவ்வோர் அணையும் தனியார் கட்டி, பல ஆண்டு ஓட்டி, பிறகு ஒப்படைக்கும் குத்தகை. பணம் தனித்தனியாகவே கிடைக்கும்போது யார் சேர்ந்து கட்டப்போகிறார்கள்?

மதகடி:

பிள்ளை சொன்ன கடைசி வரி சரி, ஆனால் பல் இல்லாத இடத்திலும் ஒன்று கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, தகவல். 2002 முதல் சீனா ஜிங்ஹோங், மன்ஆன் என்ற இரண்டு நிலையங்களின் அளவை வெள்ளக் காலத்தில் மட்டும் கொடுத்தது. கோடையில் என்ன விடுகிறார்கள் என்று கீழே இருப்பவருக்குத் தெரியாது. 2020 ஏப்ரலில் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது, 2019ல் மேலே ஈரம் போதுமான அளவு இருந்தும் கீழே விடவில்லை என்றது. சீனா மறுத்தது, ஆணையமும் ஒரே காரணமாகச் சொல்ல முடியாது என்று இழுத்தது. ஆனால் அதே ஆண்டு ஆண்டு முழுவதற்குமான தகவல் தர சீனா ஒப்புக்கொண்டது. 2021 ஜனவரியில் ஜிங்ஹோங்கில் ஓட்டத்தைக் கிட்டத்தட்டப் பாதியாக, நொடிக்கு 1,000 கன மீட்டருக்குக் குறைத்தார்கள், தண்ணீர் இறங்கத் தொடங்கிய பிறகுதான் தகவல் வந்தது. அந்தப் பருவத்தில் தாய்லாந்தின் சியாங் கோங் பக்கம் பெண்கள் ஆற்றுப் பாறைகளில் படரும் பாசியை அள்ளி அலசிக் காயவைத்து விற்பார்கள், தெளிந்த ஆழமில்லாத தண்ணீரில்தான் அது வளரும். மட்டம் ஒரு நாள் ஏறி மறுநாள் இறங்கினால் பாசி அறுந்து போய்விடும். அவர்களுக்கு வேண்டியது நாளை மட்டம் எவ்வளவு என்ற ஒரு எண், அதை முந்தின நாளே சொல்வது.

2020 டிசம்பரிலிருந்து மீகாங் அணைக் கண்காணிப்பு என்ற திட்டம் செயற்கைக்கோள் வழியாக ஒவ்வொரு பெரிய அணையிலும் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று வாராவாரம் இணையத்தில் போடுகிறது. அணைக்காரர் சொல்லாவிட்டாலும் ஊருக்குத் தெரிந்துவிடும்.

கரிசல்மண் தம்பி, குறிப்புக்கு எண் வேண்டுமானால் ஆணையத்தின் தளத்தில் அன்றாட நீர்மட்டம் இருக்கிறது. சீனாவிலிருந்து இறங்கியதும் வரும் முதல் நிலையம் தாய்லாந்தின் சியாங் சேன், வெகு கீழே கம்போடியாவில் கிராத்தி என்று ஒரு நிலையம். இரண்டின் ஏப்ரல் மாத வரைபடத்தையும் செப்டம்பர் மாத வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், உங்கள் 16 சதவீதச் சண்டைக்கு விடை அங்கேயே கிடைக்கும்.

கரிசல்மண்:

பார்த்துவிட்டு இங்கேயே படம் போடுகிறேன். சிந்து பற்றித் தனி இழை திறக்கலாமா, இல்லை இதிலேயே கேட்கவா?

எதிர்நீச்சல்:

தனியாகத் திற தம்பி. இதில் சிந்துவைக் கொண்டுவந்தால் மீகாங்கை யாரும் படிக்க மாட்டார்கள்.